மண்டைக்குள் ஓடும் தாளம்

பழநி மலையில் தியானம் செய்பவர், மலைக்கிராமத்து விவசாயி, சென்னையில் இருக்கும் ஐ.டி. ஊழியர்... மூவரின் மூளை அலையும் ஒன்றுதானா? தமிழ்நாட்டில் 402 பேரின் தலையில் கருவி வைத்துத் தேடிய பதில்!

வத்தலக்குண்டிலிருந்து காட் ரோட்டில் ஏறும் பஸ், கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் பெருமாள்மலையில் நிற்கும். அங்கே முதுகில் பையுடன் சில வெளிநாட்டவர்கள் இறங்குவார்கள். படகுத்துறையும் தூண் பாறையும் அவர்களுக்குப் பொருட்டில்லை. கண்ணைப் பாதி திறந்தபடி மணிக்கணக்கில் அசையாமல் உட்காரத்தான் வருகிறார்கள். ஜப்பானில் யமடா கோவுன் ரோஷியிடம் ஜென் பயின்ற ஏசு சபைப் பாதிரியார் ஏ.எம்.ஏ. சாமி, 1996-ல் இங்கே தொடங்கிய ‘போதி ஜென்டோ’ தியான மையம்தான் அவர்கள் தேடிவரும் இடம்.

இதே பழநி மலைத்தொடரின் சரிவில் வெள்ளகெவி இருக்கிறது. பல தலைமுறைகளாக ஒற்றையடிப் பாதை ஒன்றே அந்த ஊருக்கு வழியாக இருந்தது. அரிசி, கேஸ் சிலிண்டர், நோயாளி என எதுவானாலும் தலைச்சுமையாகவோ, தோளிலோ, குதிரை மீதோதான் போக வேண்டியிருந்தது. மேலே கொடைக்கானல் நகரத்துக்கு வந்தால் மே மாத சீசனில் மூஞ்சிக்கல்லில் வண்டிகள் நகராமல் நிற்கும். ஹாரன் சத்தம், ஹோம்மேட் சாக்லேட் கடைகள், கைக்குக் கை செல்போன்.

ஒரே மலையில் மூன்று விதமான வாழ்க்கை. மூன்று இடத்திலும் ஆளுக்கொருவரை உட்கார வைத்து, மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்தால் ஒரே மாதிரிக் கோடுதான் வருமா? ‘மனித மூளை எங்கும் ஒன்றுதான்’ என்பது பாடப்புத்தகங்கள் சொல்லி வந்த பதில். தமிழ்நாட்டின் கிராமங்களிலும் நகரங்களிலும் எடுத்த அளவீடுகள் அந்தப் பதிலை அசைத்துப் பார்த்திருக்கின்றன.

எண்ணெய் வைக்காமல் வாங்க!

நரம்பியல் மருத்துவமனைகளில் மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுக்கத் தேதி கொடுக்கும்போதே டெக்னீஷியன் சொல்லிவிடுவார்: ‘தலைக்கு ஷாம்பு போட்டுக் குளிச்சுட்டு வாங்க, எண்ணெய் வைக்காதீங்க, ராத்திரி தூக்கத்தைக் குறைச்சுக்கோங்க.’ எண்ணெய் இருந்தால் மின்முனை தோலில் ஒட்டாது. தூக்கம் குறைந்திருந்தால் வலிப்பின் தடயம் கோட்டில் எளிதில் சிக்கும். போனதும் டேப் வைத்துத் தலையை அளப்பார்கள். மூக்கின் மேற்குழியிலிருந்து பிடரி மேடு வரைக்கும் உள்ள தூரத்தைப் பத்து சதவிகிதம், இருபது சதவிகிதமாகப் பிரித்து மை வைப்பார்கள். முடியை வகிர்ந்து, தோலைச் சுரண்டித் துடைத்து, பசை தடவி, இருபது சொச்சம் கம்பிகளை ஒட்டுவார்கள். அப்புறம் ‘கண்ணை மூடுங்க... திறங்க... பல்லைக் கடிக்காதீங்க...’

பல்லைக் கடிக்கக் கூடாது என்பது சும்மா சொல்வதில்லை. மூளையின் புறணியில் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் சேர்ந்து ஒரே நேரத்தில் ஏறி இறங்கும்போதுதான், மண்டை ஓட்டைத் தாண்டி மின்சாரம் வெளியே தெரிகிறது. அதுவும் சில பத்து மைக்ரோவோல்ட்தான். டி.வி. ரிமோட்டில் போடும் பென்சில் பேட்டரியின் 1.5 வோல்ட்டோடு ஒப்பிட்டால் முப்பதாயிரத்தில் ஒரு பங்கு. தாடைத் தசை கொஞ்சம் இறுகினாலே அதைவிடப் பெரிய மின்சாரம் கிளம்பி, மூளையின் கோட்டை மூழ்கடித்துவிடும்.

இந்தக் கோட்டை மனிதத் தலையிலிருந்து முதலில் எடுத்தவர் ஜெர்மனியின் யெனா நகர மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். ஆண்டு 1924. மண்டையில் அறுவை சிகிச்சை நடந்த இடத்தில் எலும்பு இல்லாத ஒரு சிறுவனிடம் ஆரம்பித்தார். பிறகு தன் மகன் கிளாஸின் தலையில் பலமுறை அளந்தார். தனக்கே நம்பிக்கை வராமல் ஐந்து ஆண்டு மூடி வைத்து, 1929-ல்தான் வெளியிட்டார். கண்ணை மூடினால் நொடிக்குப் பத்து முறை போல ஏறி இறங்கும் அலைக்கு ‘ஆல்ஃபா’ என்றும், கண்ணைத் திறந்தால் வரும் வேகமான சிறு அலைக்கு ‘பீட்டா’ என்றும் பெயர் வைத்தார். பலரும் நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜின் அட்ரியனும் மேத்யூஸும் செய்து காட்டிய பிறகுதான் உலகம் ஒப்புக்கொண்டது.

மனிதகுலத்துக்கே பொதுவான தாளம் என்று பேசப்பட்ட ஆல்ஃபாவின் கதை, ஒரு ஜெர்மானிய மருத்துவரின் நோயாளிகள், அவருடைய மகன் என்ற சின்ன வட்டத்தில்தான் தொடங்கியது. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

அலைகள் ஐந்து (நொடிக்கு எத்தனை துடிப்பு?)

டெல்டா: 4-க்குக் கீழே. ஆழ்ந்த தூக்கத்தில் ஓங்கும்.
தீட்டா: 4 முதல் 8 வரை. அரைத்தூக்கம், சில வகை நினைவு வேலைகள்.
ஆல்ஃபா: 8 முதல் 13 வரை. விழித்திருந்து கண்ணை மூடும்போது பின்தலையில் தெரியும்.
பீட்டா: 13 முதல் 30 வரை. சுறுசுறுப்பாக இருக்கும்போது, உடலை அசைக்கத் தயாராகும்போது.
காமா: 30-க்கு மேலே. கவனத்தோடும் பார்வையோடும் தொடர்புள்ளது. தசையின் மின்சாரத்தோடு குழப்பிக்கொள்ள அதிக வாய்ப்புள்ளதும் இதுதான்.

யோகியும் ஜென் குருவும்

பெருமாள்மலையில் உட்கார்ந்திருப்பவரின் தலைக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி புதிதல்ல. விடை தேடி இந்தியாவுக்கே கருவியைச் சுமந்து வந்தவர்கள் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பாசு குமார் பாக்ச்சி ஒரு காலத்தில் பரமஹம்ச யோகானந்தரின் சகாவாக, சுவாமி தீரானந்தாவாக அமெரிக்கா போனவர். காவியைக் கழற்றிவிட்டு இ.இ.ஜி. நிபுணரானார். 1950-களில் கலிஃபோர்னியாவின் வெங்கருடன் சேர்ந்து கருவிகளோடு இந்தியா முழுக்கச் சுற்றி யோகிகளை அளந்தார்.

இதயத்தை நிறுத்துவதாகச் சொல்லப்பட்டவர்களையும் இந்தக் குழு சோதித்தது. சென்னையில் வாழ்ந்த யோக ஆசான் டி. கிருஷ்ணமாச்சாரியாரும் அவர்களில் ஒருவர். 1961-ல் வந்த முடிவு சுவையானது: மணிக்கட்டில் நாடி காணாமல் போனது உண்மை, ஆனால் இ.சி.ஜி.யில் இதயம் துடித்துக்கொண்டே இருந்தது. மூச்சை அடக்கி மார்புத் தசையை இறுக்கியதில் ரத்தம் திரும்புவது குறைந்து நாடி மறைந்திருக்கிறது. கைக்குத் தெரிவது ஒன்று, கருவிக்குத் தெரிவது வேறொன்று!

அதே 1961-ல் டெல்லி எய்ம்ஸின் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் மூவரும் யோகிகளின் மூளை அலையைப் பதிவு செய்தார்கள். சமாதியில் இருந்த யோகிகளுக்கு வெளிச்சம், சத்தம், சூடு எதைக் கொடுத்தாலும் ஆல்ஃபா கலையவில்லை. இருவர் 4 டிகிரி குளிர்நீரில் முக்கால் மணி நேரத்துக்கும் மேலாகக் கையை வைத்திருந்தும் அலை மாறவில்லை. 1966-ல் ஜப்பானின் கசமட்சுவும் ஹிராயும் ஜென் குருமார்களிடம் கண்டது நேர் எதிர். ‘டிக்’ என்ற ஒலி கேட்கும் ஒவ்வொரு முறையும் ஆல்ஃபா சில நொடி கலைந்து, பிறகு திரும்பியது. சாதாரண ஆளுக்கு நாலைந்து ‘டிக்’கில் பழகிப்போய்விடும். ஜென் குருவுக்கோ இருபதாவது ‘டிக்’கும் முதலாவது மாதிரியே இருந்தது.

யோகி உலகத்தை அடைத்துக்கொள்கிறார், ஜென் குரு உலகத்தை ஒவ்வொரு நொடியும் புதிதாகக் கேட்கிறார்! எவ்வளவு அழகான முடிவு? எழுத்தாளர்கள் விடுவார்களா, பல நூல்களில் ஏறியது. ஆனால் 1981-ல் பெக்கரும் ஷபிரோவும் ஜென், யோகா, ஆழ்நிலைத் தியானம் செய்பவர்களை ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்தபோது அந்த வித்தியாசம் கிடைக்கவே இல்லை. மறுப்புக்கு மட்டும், முதல் செய்திக்குக் கிடைத்த புகழில் பாதிகூடக் கிடைக்கவில்லை.

2004-ல் திபெத்திய பிக்குகளின் முறை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 10,000 மணி நேரத்துக்கும் மேல் தியானப் பயிற்சி உள்ள 8 பிக்குகளிடம், இரக்கத்தை நினைத்துத் தியானிக்கும்போது காமா அலை வழக்கத்துக்கு மாறாக வலுத்தது. ஆச்சரியம்தான். ஆனால் 2007-ல் ஆஸ்திரேலியாவில், மருந்து கொடுத்துத் தசைகளைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்த தன்னார்வலர்களிடம் இ.இ.ஜி. எடுத்தபோது, நொடிக்கு 20 துடிப்புக்கு மேல் தலையில் பதிவாவதில் பெரும்பகுதி தசையின் வேலை என்று தெரிந்தது. அதனால் காமா என்று யார் சொன்னாலும், ‘தசையைக் கழித்துவிட்டீர்களா?’ என்று கேட்டாக வேண்டும்.

ரத்தத்தைப் பார்க்கும் காந்தம்

இ.இ.ஜி.க்கு நேரம் துல்லியம், ஆயிரத்தில் ஒரு நொடிகூடத் தப்பாது. மூளையில் எந்த இடத்திலிருந்து அலை வருகிறது என்று கேட்டால்தான் திணறும். அந்தக் குறையைத் தீர்க்க வந்தது எஃப்.எம்.ஆர்.ஐ. எனப்படும் செயல்பாட்டு ஸ்கேன். ஆக்சிஜன் உள்ள ரத்தமும் இல்லாத ரத்தமும் காந்தப்புலத்தில் வேறு வேறாக நடந்துகொள்வதை வைத்து மூளையைப் படம் பிடிக்கலாம் என்று 1990-ல் காட்டினார் செய்ஜி ஒகாவா. உழைக்கும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்வதைச் சில மில்லிமீட்டர் துல்லியத்தில் காட்டும். ஆனால் ரத்தம் மெதுவானது. நரம்பணு வேலை செய்து ஐந்தாறு நொடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். அதற்குள் ஆல்ஃபா ஐம்பது அறுபது முறை ஏறி இறங்கியிருக்கும்.

இரண்டையும் சேர்த்துப் பிடிக்கலாமே? 1990-களிலேயே முயன்றார்கள். ஸ்கேனருக்குள் இ.இ.ஜி. தொப்பியோடு ஆளைப் படுக்க வைத்தால், காந்தச் சுருள்கள் ஒவ்வொரு முறை தட்டும்போதும் மூளை அலையைவிடப் பல நூறு மடங்கு பெரிய மின்சாரம் கம்பிகளில் பாயும். அதைக் கணக்குப் போட்டு நீக்கினாலும் அடுத்த தொல்லை காத்திருக்கும். ஒவ்வோர் இதயத் துடிப்புக்கும் தலை மயிரிழை அளவு அசைகிறது. வலுவான காந்தத்துக்குள் அந்த அசைவே மின்சாரமாகப் பதிவாகிவிடும். அதையும் சலித்தெடுத்த பிறகு 2002-ல் கிடைத்த முடிவு முக்கியமானது. ஆல்ஃபா வலுக்கும்போது பின்தலையின் பார்வைப் பகுதியில் ரத்தவழிச் சமிக்ஞை குறைந்தது, உள்ளே தலாமஸில் கூடியது. பார்வைப் பகுதி ஓய்வெடுக்கும்போது கேட்கிற தாளம் ஆல்ஃபா என்ற பழைய ஊகத்துக்குப் படம் சாட்சியானது.

மூன்றாவது வழி, மூளையின் காந்தப்புலத்தையே அளப்பது. அது பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சிறியது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், வெளிக்காந்தம் நுழையாத தனி அறைக்குள், திரவ ஹீலியத்தில் குளிரூட்டிய ‘ஸ்க்விட்’ உணரிகளை வைத்து இதயம், மூளை இரண்டின் காந்தத்தையும் அளக்கும் அமைப்புகளை உருவாக்கியிருக்கிறார்கள்.

இந்தப் பெரிய கருவிகளுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று: ஆள் கருவியைத் தேடி வர வேண்டும். வருபவர் பெரும்பாலும் பல்கலைக்கழக மாணவர், அல்லது நகரத்து நோயாளி. மனித மனதைப் பற்றிய ஆய்வுகளில் பங்கேற்பவர்கள் பெரும்பாலும் மேற்கத்திய, படித்த, வசதியான நாட்டவர்கள்தான் என்பதை 2010-ல் ஜோசப் ஹென்ரிக் குழுவினர் எடுத்துக்காட்டியது உலகம் முழுக்க விவாதமானது.

402 தலைகள்

கருவியை ஆளிடம் எடுத்துப்போனவர் தாரா தியாகராஜன். ஸ்டான்ஃபோர்டில் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்று, தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களுக்குக் கடன் கொடுத்துவந்த மதுரா மைக்ரோ ஃபைனான்ஸின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பிறகு ‘சேப்பியன் லேப்ஸ்’ அமைப்பைத் தொடங்கினார். ஒரு பக்கம் மூளை, மறுபக்கம் கிராமத்து வரவு செலவு. இரண்டையும் அறிந்தவருக்கு வரக்கூடிய கேள்விதான் அவருக்கு வந்தது: இவ்வளவு மாறுபட்ட வாழ்க்கை, மூளையின் தாளத்தில் தடம் பதிக்காமலா இருக்கும்?

பதினான்கு உணரிகள் கொண்ட, கம்பியில்லாத தலைப்பட்டை. பசை தேவையில்லை, உப்புநீரில் நனைத்த பஞ்சு போதும். கையில் தூக்கிப் போகலாம். சில நூறு பேர் வாழும் சிற்றூர் முதல் பெருநகரம் வரை 402 பேரைக் கண்ணை மூடி அமைதியாக உட்கார வைத்துப் பதிவு செய்தார்கள். கூடவே வருமானம், படிப்பு, பயணம், செல்போன், வாகனம் பற்றிய கேள்விகள். வருமான இடைவெளி ஒரு நாளைக்கு 0.82 டாலரிலிருந்து 410 டாலர் வரை, அதாவது 500 மடங்கு.

பரமேஸ்வரன், சதீஷ்குமார் ஆகியோருடன் தாரா எழுதிய கட்டுரை 2021-ல் ‘சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்’ இதழில் வந்தது. அலையின் ‘சிக்கல் அளவு’, அதாவது கோட்டில் எவ்வளவு விதவிதமான வடிவங்கள் வருகின்றன என்பது, வருமானத்தோடு சேர்ந்து ஏறியது. ஏறிய விதம் கவனிக்க வேண்டியது. 100 ரூபாய் 200 ஆகும்போது என்ன மாற்றமோ, அதே அளவு மாற்றத்துக்கு 10,000 ரூபாய் 20,000 ஆக வேண்டும். அடிமட்டத்தில் சின்ன உயர்வுக்கே பெரிய பலன்! படிப்போடும் பயணத்தோடும் அந்தச் சிக்கல் நேர்கோட்டில் ஏறியது. செல்போன் பயன்பாடும் அலையின் ஆற்றலைக் காட்டும் சில அளவுகளும் நாளொன்றுக்கு 30 டாலர் வருமானத்தைத் தாண்டியதும் சட்டென்று மேலே தாவின.

இதே குழு 2017-ல் வெளியிட்ட முன்வரைவில் இன்னொரு செய்தி இருந்தது. எல்லோருக்கும் உண்டு என்று நம்பப்பட்ட ஆல்ஃபா, எல்லோரிடமும் தெளிவாக இல்லை. நவீன வசதிகள் எட்டாதவர்களிடம் அது மங்கலாகவோ, தெரியாமலோ இருந்தது.

‘ஏழை மூளை’ என்று படிக்காதீர்கள்

இப்படியோர் ஆய்வு வந்தால் தலைப்புச் செய்தி எப்படி வரும் என்று நமக்குத் தெரியும்: ‘ஏழைகளின் மூளை மந்தம்’! கட்டுரை அப்படிச் சொல்லவே இல்லை. அலையின் சிக்கல் அளவு அறிவுக்கு மதிப்பெண் கிடையாது. ஆல்ஃபா வலுவாக இருந்தால் கெட்டிக்காரர் என்றும் அர்த்தமில்லை. வருமானம், படிப்பு, பயணம் மூன்றும் பின்னிக்கிடப்பதால், எது எதற்குக் காரணம் என்று ஒரே முறை எடுத்த பதிவை வைத்துப் பிரிக்க முடியாது. சத்துணவு, தூக்கம், கவலை எல்லாமே மூளையைத் தொடுகின்றன. பதினான்கு உணரிப் பட்டை மருத்துவமனைக் கருவிக்கு ஈடும் ஆகாது.

எனக்குப் பெரிதாகத் தோன்றும் கேள்வி வேறு. பள்ளிக்கூடம், பஸ், போன் ஆகியவற்றை மூளைக்குக் கிடைக்கும் ‘தூண்டுதல்’ என்று கணக்கில் எடுத்தார்கள். சரி, காட்டை எந்தப் பத்தியில் எழுதுவது? பழநி மலையின் பளியர் பழங்குடியைச் சேர்ந்தவர், மரத்தில் தேனீ போகும் திசையைப் பார்த்தே கூடு இருக்கும் இடத்தை நெருங்குவார். எந்தக் கிழங்கு எந்த மாதம் தோண்டத் தக்கது, யானை எந்தப் பக்கம் நிற்கிறது என்று ஒலியிலும் வாசனையிலும் படிப்பார். பூம்பாறையில் மலைப்பூண்டு போடுபவர் மேகத்தின் நிறம் பார்த்து நாள் குறிப்பார். இவையெல்லாம் மூளைக்குத் தூண்டுதல் ஆகாதா? கேள்வித்தாளில் அந்த வரியைச் சேர்த்து அளந்தால் கோடு எப்படி ஏறும்? மலையில் அளந்தால்தான் தெரியும்.

இன்னொரு பக்கம் வியாபாரம். சில ஆண்டுகளுக்கு முன் தமிழ்நாட்டு ஊர்களிலெல்லாம் ‘மிட்பிரெய்ன் ஆக்டிவேஷன்’ வகுப்புகள் முளைத்தன. கண்ணைக் கட்டிவிட்டால் பிள்ளை புத்தகம் படிக்கும் என்றார்கள். மூக்கின் ஓரத்து இடுக்கு வழியாகப் பார்க்கும் பழைய வித்தைதான் அது என்று நரேந்திர நாயக் போன்ற பகுத்தறிவாளர்கள் அம்பலப்படுத்தினார்கள். இப்போது ‘ஆல்ஃபா மைண்ட்’ வகுப்பு, காதில் கேட்டால் மூளை அலை மாறும் ஆப். ஆய்வில் இருக்கும் ‘ஒருவேளை’, விளம்பரத்தில் ‘நிச்சயம்’ ஆகிவிடுகிறது.

சூரியனுக்கு நூறாண்டு, மூளைக்கு?

தாளம் ஒன்றைப் புரிந்துகொள்ள எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதற்குக் கொடைக்கானலிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 1899-ல் சென்னையிலிருந்து மலையேறிய சூரிய ஆய்வு நிலையம், 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகிறது. 1909-ல் விஞ்ஞானி எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை இங்கேதான் கண்டுபிடித்தார். சூரியப் புள்ளிகளின் சுழற்சி ஏறத்தாழ 11 ஆண்டு. ஒருவர் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறுவதற்குள் மூன்று சுற்றுதான் பார்க்க முடியும். அடுத்தவர் வந்து, அதே முறையில் தொடர்ந்து எடுத்ததால்தான் உலகம் நாடும் ஆவணமாக அது நிற்கிறது.

மூளைக்கு அப்படி ஒரு நெடும்பதிவு நம்மிடம் இல்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-ல் வெளியிட்ட ‘தரணி’, கருவிலுள்ள சிசுவின் மூளையைச் செல் செல்லாகக் காட்டும் வரைபடம். அமைப்பை வரைய முடிந்த நமக்குத் தாளத்தை எழுதி வைப்பது முடியாத காரியமா?

கொடைக்கானலிலேயே 1984 முதல் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருக்கிறது. கீழே சமவெளியில் காந்திகிராமப் பல்கலைக்கழகம், தள்ளி மதுரை காமராசர் பல்கலைக்கழகம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க 2021 முதல் வீடு தேடிப் போகிறது ‘மக்களைத் தேடி மருத்துவம்’. கருவியும் கைக்கு அடக்கமாகிவிட்டது. மலைக்கிராமத்துப் பிள்ளைகளையே பயிற்றுவித்து, தமிழில் விளக்கி ஒப்புதல் வாங்கி, ஆண்டுக்கொரு முறை அதே ஆட்களிடம் பதிவெடுக்க வேண்டும். ரோடு வருமுன், வந்த பின். பள்ளி முடிக்குமுன், முடித்த பின் என்று ஒப்பிட வேண்டும். முடிவை அவர்களுக்கே முதலில் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகங்களும் சுகாதாரத் துறையும் இதை ஒரு திட்டமாக எழுதி, பத்து ஆண்டுகளுக்காவது நிதி ஒதுக்கட்டும். வெள்ளகெவியையும் பூம்பாறையையும் விட்டுவிட்டு வரையும் எந்தக் கோட்டுக்கும் ‘மனித மூளை’ என்று பெயர் வைக்கும் உரிமை யாருக்கும் இல்லை.